லிஃப்ட்டக்காவை மிரட்டிய ஒரு சொல்

தெருவில் யாரைக் கேட்டாலும் அவள் பெயர் லிஃப்ட்டக்காதான். தபால்காரர்கூட அப்படித்தான் விசாரித்துக்கொண்டு வருவார். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அடையாள அட்டையில் இருக்கிறது. அது அங்கேயே பத்திரமாக இருக்கட்டும். லிஃப்ட் பழுது பார்ப்பது அவள் தொழில். பட்டனை அமுக்கிவிட்டு மேலும் கீழும் போய்வருகிற சொகுசு வேலை என்று யாராவது வாயைத் திறந்தால் தீர்ந்தது, அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். நீங்களும் நானும் லிஃப்ட் பெட்டிக்குள் நின்று கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டு போகிறவர்கள். அவள் அந்தப் பெட்டியின் கூரைமேல் நிற்கிறவள். ஒரு சாப்பாட்டு மேசை அளவு இடம், சுற்றிலும் இருட்டு, தலைக்கு மேலே எண்ணெய் மின்னும் கம்பி வடங்கள். அங்கே நின்று, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, ஸ்பானரைத் திருப்புகிற பெண் இந்த ஊரில் இன்னொருத்தி இருந்தால் வந்து சொல்லுங்கள்.

அந்தக் கூரைக்கு அவள் சும்மா ஏறிவிடவில்லை. அதே கம்பெனியில் முதலில் அவளுக்குக் கிடைத்தது போன் எடுக்கிற வேலை. லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து கூப்பிட்டு அலறுவார்கள். "மூச்சு முட்டுதும்மா!" என்பார்கள். "காத்து வர வழி இருக்கு சார், ஒண்ணும் ஆகாது, தரையில உக்காருங்க" என்று இவள் சமாதானம் சொல்லிக்கொண்டே இருப்பாள். மெக்கானிக் மகராசன் ஆற அமர டீ குடித்துவிட்டுக் கிளம்புவார். ஒருநாள் பொறுக்க முடியாமல் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டாள்: "இந்நேரத்துக்கு நானே போய்த் திறந்துவிட்டு வந்திருப்பேன் சார்." அவர் சிரித்துக்கொண்டே, "போயேம்மா, யார் வேண்டாம்னா?" என்றார். மனிதர் விளையாட்டுக்குச் சொன்னார். இவள் அன்றைக்கே மாலை வகுப்பில் சேர்ந்து, மின்சாரம் படித்து, பரீட்சை எழுதி, சான்றிதழை அவர் மேசையில் கொண்டுபோய் வைத்தாள். அதோடு விட்டாளா? வேலை தேடி அலைந்துகொண்டிருந்த தம்பியையும் இழுத்துவந்து தனக்கு ஜோடியாகச் சேர்த்துக்கொண்டாள். அக்காவுக்கும் தம்பிக்கும் இரண்டே வயதுதான் வித்தியாசம். யார் யாரை மிரட்டுகிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

ஜோடி எதற்கு என்றால், அந்த வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கட்டடத்தின் உச்சியில், மெஷின் ரூமில், மின்சாரத்தை அணைத்துவிட்டு நிற்க வேண்டும். இன்னொருவர் கீழே திறந்த கதவருகே காத்திருக்க வேண்டும். வடங்கள் இறங்குகிற துவாரம் வழியாகக் குரல் நன்றாகக் கேட்கும். கீழே இருப்பவர் "நிறுத்தியாச்சா?" என்று கத்துவார். மேலே இருப்பவர் "நிறுத்தியாச்சு" என்பார். அந்தச் சொல் காதில் விழாமல் கூரையில் கால் வைக்கக் கூடாது. "ம்", "சரி", "வா வா" எதுவும் செல்லாது. நிறுத்தியாச்சு என்றால் நிறுத்தியாச்சு.

அப்படிப்பட்ட சொல்தான் ஒருநாள் அவள் காலை வாரிவிட்டது.

எட்டு மாடிக் குடியிருப்பு அது, பழைய கட்டடம், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு லிஃப்ட். பெட்டியின் கூரைமேல் ஒரு சிவப்பு பட்டன் இருக்கும். அதை அமுக்கினால் லிஃப்ட் அசையாது. இடது லிஃப்ட்டில் அந்த பட்டனே கெட்டுப்போயிருந்தது, அதை மாற்றத்தான் போனார்கள். ஆகவே மேலேயிருந்து மின்சாரத்தை நிறுத்தினால்தான் உண்டு. "இடதுடா" என்று சொல்லி அனுப்பினாள். தம்பியும் மேலே போய் இடதைத்தான் அணைத்தான். கோளாறு எங்கே என்றால், அந்த மெஷின் ரூமுக்குள் பின்பக்கத்துக் கதவு வழியாக நுழைய வேண்டும். கீழே கதவுக்கு நேரே நிற்கிறவளுக்கு எது இடதோ, அது உள்ளே நுழைந்து நிற்கிறவனுக்கு வலது. ஸ்விட்சுகளின் மேல் எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை. யாரைக் குறை சொல்வது?

"நிறுத்தியாச்சா?"

"நிறுத்தியாச்சு!"

அவள் கூரையில் ஏறினாள். கதவைச் சாத்திக்கொண்டு குனிந்தாள். எட்டாவது மாடியில் யாரோ புண்ணியவதி பட்டனை அமுக்கினார். காலுக்குக் கீழே கூரை கிளம்பியது. சுவர் சர்ரென்று இறங்கியது. அவள் அலறிக்கொண்டு குப்புற விழுந்து, தலையைக் கைகளுக்குள் புதைத்துக்கொண்டாள். உச்சியில் லிஃப்ட் நின்றபோது அவள் முதுகுக்கும் மேல்தளத்துக்கும் நடுவில் ஓர் ஆள் மண்டிபோடுகிற இடம் மிச்சம் இருந்தது. முழங்கை சிராய்ப்போடு தப்பித்தாள். தம்பி இறங்கி வந்து அவளைப் பார்த்துவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

கம்பெனியையும் சொல்ல வேண்டும், நடந்ததை மூடி மறைக்கவில்லை. மறுநாளே எல்லாக் கட்டடங்களிலும் ஸ்விட்சுக்கும் லிஃப்ட்டுக்கும் ஒரே எண் எழுதினார்கள். கூரைக்குப் போகிறவர் தானே முதலில் மேலே போய், ஸ்விட்சில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு மேலே இருப்பவர் லிஃப்ட்டை ஓட்டிப் பார்த்து, ஓடவில்லை என்று உறுதிசெய்துகொண்டுதான் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். இனி அந்தத் தப்பு நடக்க வழியே இல்லை. இது அவள் புத்திக்குத் தெரியும். உடம்புக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

திரும்பி வேலைக்கு வந்த முதல் நாள் அவள் ஜோராகத்தான் இருந்தாள். படியேறினாள், பூட்டைப் போட்டாள், இறங்கி வந்து கதவைத் திறந்தாள், எட்டி லிஃப்ட் குழியைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. மேலேயிருந்து தம்பி "நிறுத்தியாச்சுக்கா" என்றான். அவ்வளவுதான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, கதவுச் சட்டத்தைப் பிடித்த கை பிடித்தபடியே இறுகிவிட்டது. தம்பி வந்து விரல் விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. கூரை என்னவோ ஆணி அடித்த மாதிரி அசையாமல்தான் நின்றது.

அப்புறம் ஆளாளுக்கு வைத்தியர்கள். உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் ஒருவர். ரத்த அழுத்தம் என்றார் இன்னொருவர். அளந்து பார்த்தால் அதில் ஒரு குறையும் இல்லை. "பொம்பளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று ஒரு வாய் முணுமுணுத்தது, அந்த வாய்க்குச் சொந்தக்காரரிடம் அவள் அன்று முதல் பேசுவதில்லை. தம்பி பாவம், அவள் பங்கு வேலையையும் தானே செய்யத் தொடங்கினான். மேலே வேறு ஆளை நிறுத்திவிட்டுக் கூரைக்கு அவன் போவான். இவள் வெளியே நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுப்பாள். தப்பித்தவறிக்கூட அவள் காதுபட அந்தச் சொல்லை அவன் சொல்வதில்லை. அவள் கூரையைவிட்டு எவ்வளவு தள்ளி நின்றாளோ, பயம் அவ்வளவு கொழுத்தது.

சூப்பர்வைசர் நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கொஞ்ச நாள் மறுபடி போன் சீட்டுல உக்காருங்கம்மா. மழைக்காலம் முடியட்டும், அதுக்குள்ள சரியாச்சுன்னா பாப்போம். இல்லேன்னா அங்கயே இருந்துடுங்க, சம்பளத்துல ஒண்ணும் குறையாது." அவர் அன்பாகத்தான் சொன்னார். அவளுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. எந்த நாற்காலியிலிருந்து எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு படித்து, அத்தனை ஆண்களுக்கு நடுவில் ஏறி வந்தாளோ, அதே நாற்காலி! "வர்றேன் சார், மழைக்காலம் முடியறதுக்குள்ள வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். எப்படி வருவது என்று அவளுக்கே தெரியாது.

வழி காட்டியது ஒரு கரண்டி. அவள் கணவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். சாயங்காலம் வண்டியை ஷெட்டில் விட்டதும் வீட்டுக்கு ஒரு போன் போடுவார். அன்றைக்கு அவள் அடுப்படியில் நின்றபடி பேசினாள். "வண்டிய நிறுத்தியாச்சு. வரும்போது ஏதாவது வாங்கணுமா?" என்றார் மனிதர். கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்து உருண்டது. அவள் மேடை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். காலுக்குக் கீழே தரை கிளம்பப்போகிறது என்று உடம்பு காத்துக்கொண்டிருந்தது. கூடத்திலிருந்து மாமியார் எட்டிப் பார்த்து, "என்னம்மா இது, அவன் வண்டியத்தானே நிறுத்தினான், உனக்கு ஏன் மூச்சு நின்னு போகுது?" என்றாள்.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. உயரமும் இல்லை, இருட்டும் இல்லை. சொல்! அந்த ஒரு சொல்!

மனநல ஆலோசகரின் அறை ஐந்தாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் பழுது பார்க்கிறவள் படியேறி, மூச்சு வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். ஆலோசகர் அவளைவிடச் சின்னப் பெண். கேட்டதெல்லாம் கேட்டுவிட்டு, கரண்டிக் கதைக்கு மட்டும் முகம் மலர்ந்தார். "சரியாப் பிடிச்சிருக்கீங்க" என்றார்.

"அப்போ என் மூளைக்கு அறிவே இல்லையா மேடம்? பஸ் நின்னதுக்கெல்லாம் நடுங்கிக்கிட்டு..."

"அறிவு ஜாஸ்தின்னு சொல்லுங்க. ஒரே பாடத்துல கத்துக்கிச்சு பாருங்க! 'இந்தச் சத்தம் கேட்டா அடுத்த நொடி தரை நகரும்'னு. உள்ள, பாதாம் பருப்பு அளவுல ஒரு பகுதி இருக்கு, அமிக்டலான்னு பேரு. உங்களைக் காப்பாத்தறதுல அதுக்கு முக்கியமான பங்கு. நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அது மணி அடிச்சிடும். அதுக்கு அர்த்தம் எல்லாம் தெரியாது. உங்களுக்கு அந்தச் சொல் பாதுகாப்பு. அதுக்கு அது ஆபத்து."

நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "இங்க, முன்பக்கம் ஒரு பகுதி இருக்கு. 'பரவாயில்ல, அடங்கு'ன்னு அதோட தோள்ல கைபோட இதால முடியும். ஆனா வெறும் பேச்சுல அது மசியாது. அனுபவம் வேணும். அந்தச் சொல் கேக்கணும், தரை நகராம இருக்கணும். திரும்பத் திரும்ப. நீங்க எதிர்பார்த்தது நடக்காம போகுது பாருங்க, அந்த ஏமாற்றத்துலதான் அது புதுசாக் கத்துக்கும்."

"பழசு மறந்துடுமா?"

"மறக்காது. பழைய பாடம் பெரும்பாலும் அங்கயேதான் இருக்கும். பக்கத்துல புதுப் பாடம் ஒண்ணு வளரும். எது ஜெயிக்கும்கிறது நீங்க புதுசை எத்தனை இடத்துல பழக்கறீங்கங்கிறதைப் பொறுத்து. ஒதுங்கி ஒதுங்கிப் போனீங்கன்னா பழசுக்குக் கொண்டாட்டம்."

இனி வீட்டில் நடந்த கூத்தைக் கேளுங்கள். சொல்லைக் கேட்பதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று பயப்படுகிறாளோ, அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இது ஆலோசகர் கொடுத்த பயிற்சி. அடுப்படி நடுவில் அவள் நின்றுகொண்டு, "இப்ப தரை நகரும்" என்பாள். கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, செய்தி வாசிக்கிறவர் மாதிரி, "நிறுத்தியாச்சு" என்பார். காது அடைக்கும். அவள் எதையும் பிடிக்காமல் நிற்பாள். நெஞ்சுப் படபடப்பு ஏறி, உச்சியில் நின்று, தானாகவே மெல்ல இறங்கும். "தரை நகரலை" என்பாள். "வீடு கட்டினவர் கேட்டா சந்தோஷப்படுவார்" என்பார் அவர்.

மாமியாருக்கு இதில் வந்த உற்சாகத்தைச் சொல்லி மாளாது. குழாயை மூடினால் நிறுத்தியாச்சு, விசிறியை அணைத்தால் நிறுத்தியாச்சு. "டாக்டர் சொன்னாருன்னு சர்க்கரைய நிறுத்தியாச்சு" என்று ஒருநாள் அறிவித்தாள். அது பொய் என்று டப்பாவைத் திறந்தால் தெரியும். "உன்கூட சண்டை போடறதைக்கூட நிறுத்தியாச்சும்மா" என்றாள் இன்னொரு நாள். "அத்தை, நடக்கிற விஷயமா ஏதாவது சொல்லுங்க" என்றாள் மருமகள். இப்படியே போய், ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் காதில் "டிவிய நிறுத்தியாச்சு" என்று விழுந்தது. "கேட்டுது கேட்டுது, அதுக்கென்ன இப்போ?" என்று எரிந்து விழுந்தாள். விழுந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. மாமியாரும் மருமகளும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த வீட்டில் அது அடிக்கடி நடக்கிற காட்சி அல்ல.

வீட்டுத் தரை வேறு, லிஃப்ட் கூரை வேறு. அடுத்தது கம்பெனிப் பட்டறையில் இருந்த பயிற்சி லிஃப்ட். சூப்பர்வைசர் மறுக்காமல் சாவியைக் கொடுத்தார். வேறு மெக்கானிக்குகள் மாறி மாறி மேலே நின்று சொன்னார்கள். கட்டைக் குரல், கீச்சுக் குரல், சளி பிடித்த குரல். கூரையில் கால் வைத்தாள், நடுங்கினாள், நின்றாள். நாள் போகப் போக நடுக்கம் குறைந்தது. ஆனால் ஒரு விஷயம் அவளுக்கே வேடிக்கையாக இருந்தது: வேலை முடிந்து வெளியே வந்தால் உள்ளங்கையில் சாவித் தடம் பதிந்திருக்கும். பூட்டின் சாவியைப் பையில் போடாமல் கைக்குள் இறுக்கியபடியே இருந்திருக்கிறாள்.

இதைச் சொன்னதும் ஆலோசகர், "அங்கதான் உங்க மூளை உங்களை ஏமாத்துது" என்றார். "ஸ்விட்சப் பூட்டறது வேலை, அதை எப்பவும் விடாதீங்க. சாவிய இறுக்கிப் பிடிக்கறது வேலை இல்ல. 'சாவி கையில இருந்ததாலதான் தப்பிச்சோம்'னு அது கணக்கு எழுதிக்கும். புதுப் பாடம் ஏறாது." அன்று முதல் சாவி பைக்குள் போயிற்று. முதல் இரண்டு முறை கை அநாதையாகத் தவித்தது. பிறகு அதுவும் வேலை செய்யக் கற்றுக்கொண்டது.

அலுவலகக் கட்டடம், ஆஸ்பத்திரி, கார் நிறுத்துமிடம் என்று ஒவ்வொன்றாக ஏறினாள். நடுவில் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்துவிட்டுப் போனபோது, பயம் முதல் நாள் மாதிரியே வந்து உட்கார்ந்திருந்தது. அன்றைக்குக் கழிவறையில் போய் அழுதாள். எல்லாம் போச்சு என்று நினைத்தாள். "ஒண்ணும் போகலை. இடைவெளி விட்டா பழசு தலை தூக்கும், அது வழக்கம். மறுபடி போய் நில்லுங்க, இந்தத் தடவை சீக்கிரம் அடங்கும்" என்றார் ஆலோசகர். போய் நின்றாள். சொன்ன மாதிரியே அடங்கியது. மிச்சம் இருந்தது அந்த எட்டு மாடிக் கட்டடம் மட்டும்தான். பழைய இடமும் பழைய குரலும் சேர்ந்தால் பயம் பெரிதாக வரும், அது இயல்பு, அதைக் கண்டு ஓடிவிடாதீர்கள் என்று ஆலோசகர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். மழைக்காலம் முடிகிற தறுவாயில், வடங்களைத் துடைத்துத் தேய்மானம் பார்க்கிற வேலை அங்கே வந்தது. "நானும் தம்பியும் போறோம் சார்" என்றாள்.

கட்டடம் மாறவே இல்லை. அதே சாம்பல் நிற ஓடு, அதே எண்ணெய் வாசனை. படியேறும்போதே நெஞ்சு அடித்துக்கொண்டது. மெஷின் ரூமில் எண்ணைப் பார்த்து ஸ்விட்சை அணைத்துத் தன் பூட்டைப் போட்டாள், தம்பி அவன் பூட்டைப் போட்டான். அவள் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். ஆறாவது மாடியில் கதவைத் திறந்தாள். கீழே பெட்டியின் கூரை தெரிந்தது.

"நிறுத்தியாச்சா?" என்று கத்தினாள்.

பதில் இல்லை.

"டேய், நிறுத்தியாச்சா?"

"ம்" என்று ஒரு சத்தம் வந்தது.

"ம்முன்னா என்னடா அர்த்தம்?"

"ஆச்சுக்கா."

"எது ஆச்சு? கல்யாணமா?"

சொல் வராமல் கால் வைக்கக் கூடாது, அது விதி. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வரக்கூடிய பயத்துக்கெல்லாம் தயாராக வந்திருக்கிறாள், சொல்லே வராவிட்டால் என்ன செய்வாள்? கதவைச் சாத்திவிட்டுத் தடதடவென்று மேலே ஏறினாள், இன்றைக்கு இவனை ஒரு கை பார்த்துவிடுவது என்று.

தம்பி ஸ்விட்சுக்கு முன்னால் நின்றிருந்தான். பூட்டு சரியாக இருந்தது. லிஃப்ட்டை ஓட்டிப் பார்த்திருந்தான், ஓடவில்லை. எல்லாம் செய்திருந்தான். முகம் மட்டும் பேயறைந்த மாதிரி வெளுத்துப்போய், கழுத்தெல்லாம் வேர்வை வழிந்துகொண்டிருந்தது.

"வாய் வரலைக்கா" என்றான். "அன்னிக்கு அதைச் சொன்னேன், உடனே லிஃப்ட்டு கிளம்புச்சு. நீ கத்தினது இங்க கேட்டுது. நீ திரும்பி வந்த அன்னிக்குப் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரு தடவை சொன்னேன், நீ அப்படியே விறைச்சுட்டே. அதுலேருந்து யாருக்கும் நான் சொன்னதில்ல. கூரைக்கு நான் போறேன்னு ஓடிடுவேன். நான் சொன்னா நீ செத்துடுவேன்னு இருக்குக்கா."

அவள் அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை நாளும் தன்மேல் இருந்த பாசத்தில் அவன் அந்தச் சொல்லைத் தவிர்க்கிறான் என்று நினைத்திருந்தாள். அவனுக்குள்ளும் ஒரு பாதாம் பருப்பு உட்கார்ந்துகொண்டு மணியடித்துக்கொண்டிருந்திருக்கிறது! அன்றைக்கு விழுந்தது அவள் ஒருத்தி மட்டும் அல்ல. கோபம் போன இடம் தெரியவில்லை.

"முட்டாப் பயலே, சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு பேரும் சேர்ந்து போயிருப்போமே!" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இங்க பாரு. நீ சொன்னா நான் சாகமாட்டேன். நீ சொன்னாத்தான் என்னால அங்க கால் வைக்க முடியும். எனக்கும் உள்ள உதறல்தான், இல்லேன்னு சொல்லலை. நான் கீழ போறேன். நீ உதறிக்கிட்டே சொல்லு. நான் உதறிக்கிட்டே கேக்கறேன். என்ன ஆகுதுன்னு பாத்துடலாம்."

இறங்கினாள். கதவைத் திறந்தாள். "நிறுத்தியாச்சா?"

நேரம் போயிற்று. அவள் அவசரப்படுத்தவில்லை. மேலே அவன் மூச்சு வாங்குவது வடத் துவாரம் வழியாகக் கேட்டது. பிறகு, உடைந்த குரலில், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது: "நிறுத்தியாச்சு."

அந்த இடம், அந்தக் குரல், அந்தச் சொல் மூன்றும் சேர்ந்து அவளை ஒரே அடியாக அடித்தன. கதவுச் சட்டத்தை நோக்கிப் போன கையைத் திருப்பிக்கொண்டாள். ஒரு காலைத் தூக்கிக் கூரையில் வைத்தாள், மற்றக் காலையும் வைத்தாள். சிவப்பு பட்டனை அமுக்கினாள், அது வேலை. அதற்குப் பிறகு எதையும் பிடிக்கவில்லை. உடம்பு தன்பாட்டுக்கு அலறிக்கொண்டிருந்தது. அலறட்டும் என்று நின்றாள். அலை ஏறியது, தளும்பியது, மெல்ல மெல்ல வடிந்தது. கூரை அசையவில்லை.

"அக்கா?" என்றான் தம்பி. அழுகைக் குரல்.

"உயிரோடதான்டா இருக்கேன்! மறுபடி சொல்லு!"

"நிறுத்தியாச்சு!"

"நகரலை! மறுபடி!"

"நிறுத்தியாச்சு!"

ஒவ்வொரு தடவைக்கும் அவன் குரல் கொஞ்சம் கெட்டிப்பட்டது, இவள் நெஞ்சு கொஞ்சம் இறங்கியது. ஏழாவது மாடிக்காரர் கதவைத் திறந்துகொண்டு வந்து, "என்னத்தைங்க இத்தனை தடவை நிறுத்தறீங்க?" என்று கேட்டார். "இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு சார், நீங்க போய் உக்காருங்க" என்று குழிக்குள்ளிருந்து பதில் போயிற்று. மேலே தம்பி சிரித்தான். அழுகையும் சிரிப்புமாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தான். அந்தச் சத்தத்தை அவள் வெகுநாளாகக் கேட்டிருக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவனே இறங்கி வந்து கதவருகே நின்று அவளைப் பார்த்தான். முழுசாக, எண்ணெய்க் கையோடு, வடத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "இந்தப் பக்கத்தை நீ துடை, சும்மா நிக்காதே" என்று ஒரு துணியை அவன் மேல் எறிந்தாள். இரண்டு பூட்டும் மேலே தொங்க, இரண்டு சாவியும் இரண்டு பையில் இருக்க, அக்காவும் தம்பியும் அந்தக் கூரையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தார்கள்.

சூப்பர்வைசர் போன் செய்தார். காலையிலிருந்து அவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை போலிருக்கிறது.

"என்னம்மா ஆச்சு?"

"அந்தப் போன் சீட்டுக்கு வேற ஆளைப் பாருங்க சார். நாங்க ரெண்டு பேரும் கூரையிலதான் இருக்கோம்."

"குரல் ஒரு மாதிரி இருக்கே, அழறீங்களாம்மா?" என்றார்.

"ஆமா சார்" என்றாள் லிஃப்ட்டக்கா. "ஆனா பயத்துல இல்ல."